யாருக்குங்க, எதுக்குங்க?

குன்னூர் மார்க்கெட்டில் என் தையல் கடைக்கும் அந்த நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. தடுப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கம் கடைக்கார அக்கா சுக்கு இடித்தால் இந்தப் பக்கம் என் ஊசி டப்பா நகரும். அவர் பேச்சைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தேயிலை ஃபேக்டரிச் சங்கு மாதிரி ஒரு குரல். அதைத் தாழ்த்த அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

வேறு கடையாக இருந்தால் பரவாயில்லை. நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மெதுவாகப் பேச வேண்டியவர்கள். சளிக்கும் மூட்டுவலிக்கும் வருகிறவர்கள் நேராகப் படியேறிவிடுவார்கள். மற்றவர்கள் எதிரே நின்று கேரட் விலை கேட்பார்கள், ஒரு சுற்று போய்விட்டு வருவார்கள், கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அந்த லேகியம் இருக்குங்களா" என்பார்கள். எந்த லேகியம் என்பது வாயில் வராது. அக்கா தராசை வைத்துவிட்டு, பெருங்காயம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிற அதே குரலில் கேட்பார்.

"யாருக்குங்க, எதுக்குங்க? ஆசையே வர்றதில்லைங்களா, ஆசை வந்தும் ஒடம்பு கேக்கறதில்லைங்களா? ரெண்டும் வேற வேறங்க."

எதிர்க் கடையில் கோழி வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். வந்தவர் வெலிங்டனில் ஏதாவது ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பார், மப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொள்வார். என் கடையில் பிளவுஸுக்கு அளவு கொடுக்க நிற்கும் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் நெளிவார்கள். அளவு தப்பும். தப்பினால் திட்டு வாங்குவது நான்தானே, அக்காவா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். கொஞ்சம் மெதுவாகக் கேட்டால் என்ன குறைந்துவிடும் உங்களுக்கு என்றேன். அக்கா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அந்தக் கனத்தோடு முக்காலியில் உட்கார்ந்து தக்காளி சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குசுகுசுன்னு கேட்டா குசுகுசுன்னு பொய் சொல்லுவாங்க கண்ணு. சத்தமாக் கேட்டாத்தான் நெசம் வரும்." இதை அவர் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிதான் வைத்திருந்தார். நானும் சரி என்று விட்டுவிட்டேன், அவரோடு வாய் கொடுத்து யார் ஜெயிப்பது.

இன்னொன்றும் உண்டு. அவருக்கு வியாபாரப் பேச்சு வராது. இது கேட்குமா அக்கா என்று யாராவது கேட்டால், "தெரியாதுங்க. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்ல" என்பார். மற்ற கடைகளில் மூன்றே நாளில் குதிரை மாதிரி ஆகிவிடலாம் என்று போர்டு வைத்திருந்தார்கள். இவர் தெரியாது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடை மாமனார் வைத்தது. புருஷன் என்றோ மேட்டுப்பாளையத்தில் இருந்த இன்னொரு குடும்பத்தோடு போய்விட்டார். "ஆளு போயிட்டான், கடை போகல" என்பார், அதையும் நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி.

ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர் கண் சிவந்து வந்து நின்றார். வயது நாற்பதுகூட இருக்காது. அக்கா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, அமுக்கராக் கிழங்குப் பொடியைக் கொஞ்சம் மடித்துக் கொடுத்து, உங்களுக்கு வேண்டியது மருந்து இல்லை, லீவு என்றார். பகலில் தூங்கி, அதுவும் சரியாகத் தூங்காமல், ராத்திரி முழுக்க இலை வறுத்துவிட்டு வந்தால் மூளை எதற்கு ஆசைப்படும், படுக்கத்தான் ஆசைப்படும் என்றார். அந்த ஆள் சிரிக்கவில்லை. ஆமாங்க என்று சொல்லிவிட்டு அங்கேயே படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பெண்களும் வருவார்கள். அவர்கள் கேட்பது வேறு. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து எடுத்து, அட்டை கடித்த காலோடு வீடு திரும்பி, சோறாக்கி, பாத்திரம் கழுவிப் படுத்தால் அப்போதுதான் புருஷனுக்கு ஞாபகம் வருகிறது. ஆசையைக் குறைக்கிற மாதிரி ஏதாவது பொடி இருக்கிறதா, அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து விடுகிறேன் என்று ஒருத்தி கேட்டாள். அக்கா, "அப்படி ஒண்ணு இருந்திருந்தா மொதல்ல நானே வாங்கியிருப்பேன் சாமி" என்றார். கடையில் நின்ற எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். கேட்டவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அக்கா அவளை உள்ளே கூப்பிட்டு, தெரியாமல் எதையும் யாருக்கும் கலக்காதே என்று சொல்லி அனுப்பினார். அதையும் மார்க்கெட்டே கேட்டது.

இவரைத்தான் என் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனார்.

என் அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் லயத்தில் இருந்தார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகளை லைன் என்பார்கள் இங்கே. சிலோனிலிருந்து சின்ன வயதில் வந்தவர்கள் என்பதால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் லயம்தான். அப்பா ஃபேக்டரியில் ஓய்வு பெற்றுவிட்டார். அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததால் வீடு இருந்தது. அப்பா பேச்சே இல்லாதவர். கெட்டவர் இல்லை, குடி இல்லை, அடி இல்லை, பேச்சும் இல்லை. அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் "இந்தா" என்பார். அவர் வாயில் அம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை.

எழுபதை நெருங்கும்போது அப்பாவுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. தேத்தண்ணீர் டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் போகும். கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் கேட்டது, முழுசாகக் கேட்கவில்லை. கூடக் கொழுந்து எடுக்கும் பெண் யாரோ பூனைக்காலி விதையைப் பாலில் அவித்துப் பொடித்துக் கொடுத்தால் நரம்புக்கு நல்லது என்று சொல்ல, அம்மா என்னிடம்கூடச் சொல்லாமல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை என் கடை பூட்டு. அவர் என் அம்மா என்று அக்காவுக்கும் தெரியாது.

பூனைக்காலி நரம்புக்கும்தான் வாங்குவார்கள். ஆனால் மார்க்கெட்டில் அதன் பெயரைச் சொன்னால் எதற்கென்று எல்லோரும் நினைப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா வழக்கம்போல ஆரம்பித்திருக்கிறார். யாருக்குங்க, எதுக்குங்க, ஊட்டுக்காரருக்கா, வயசு என்ன, ஆஸ்பத்திரி மாத்திரை ஏதாச்சும் எடுக்கறாருங்களா? கோழிக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். கைநடுக்கத்துக்கு என்று அம்மா சொன்னது அம்மாவுக்கே கேட்கவில்லையாம். மாத்திரை எல்லாம் ஒண்ணுமில்லீங்க என்று சொல்லி, பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

பொடி வேலை செய்தது, அதுதான் வினை. கை நின்றது. அப்பா டம்ளரை அவரே பிடித்துக் குடித்தார். சந்தோஷத்தில் அம்மா ஞாயிறுதோறும் போய் வாங்கி வந்து, ஒரு ஸ்பூனை இரண்டாக்கினார். அடுத்த தடவை கோயம்புத்தூர் போனபோது, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று நான் சொன்னேன், இல்லை என்று அம்மாவும் சொன்னார். பாலில் கலக்கும் பொடியை யார் மருந்து என்று நினைப்பார்கள்? எங்களுக்கு மாத்திரையும் ஊசியும்தான் மருந்து, மற்றதெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தி.

பிறகு அப்பா மாற ஆரம்பித்தார். இரண்டு வேளை குளித்தார். தேய்த்த சட்டை கேட்டார். மழை வந்தால் குடையை எடுத்துக்கொண்டு மலைக்கே போய் அம்மாவைக் கூட்டி வந்தார். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று அம்மா என்னிடம் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் புள்ள என்றார்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அப்பா தூங்கவில்லை, அம்மாவையும் தூங்க விடவில்லை. விடிந்தால் மலைக்குப் போக வேண்டிய உடம்பு. இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று அம்மா பாதி சொல்லிப் பாதி விழுங்கினார். அடுப்படியில் படுத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஒருநாள் காலை, பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து அப்பா ஏதோ சொல்லியிருக்கிறார். அவள் உதறியும் விடவில்லை. அவள் புருஷன் வாசலில் வந்து நின்று கேட்ட கேள்விகளுக்கு அம்மா தலை குனிந்து நின்றார். லயத்துப் பெரிய ஆட்கள் கூடி, இன்னொரு தடவை நடந்தால் போலீஸ்தான் என்றார்கள்.

எனக்கு அப்பாவைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. நேரே போய்க் கத்தினேன். இந்த வயசில் இது என்ன கேவலம், பேரன் பேத்தி முகத்தில் எப்படி முழிப்பீர்கள் என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கே தெரியல புள்ள. மண்டைக்குள்ள ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு" என்று அழுதார். நான் நம்பவில்லை. அம்மாவும் நம்பவில்லை. தனக்குத் தெரியாத ஒரு ஆளோடு இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டோம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். கூடலூரில் தம்பி வீட்டுக்குப் போகிறேன், இனி வரமாட்டேன், உன் அப்பனை நீயே வைத்துக்கொள் என்று பையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

நான் மெஷினில் உட்கார்ந்தபடியே வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது. அம்மாவைப் பார்த்துதான் கேட்டார்.

"ஏனுங்க, போன வாரம் வரலையே, பூனைக்காலி தீந்திருக்குமே?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. என்ன பூனைக்காலி, யாருக்கு என்று கேட்டேன். அக்கா சுற்றி வந்து என் கடைக்குள் நின்றார். இது என் அம்மா, அப்பாவுக்குக் கைநடுக்கம், ரொம்ப நாளாக மாத்திரை சாப்பிடுகிறார் என்று நான் சொன்னதும், துணி குவித்திருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாத்திரை இல்லைன்னு சொன்னீங்களே என்று ஒரே ஒரு முறை கேட்டார். அம்மா, "நீங்க போட்ட சத்தத்துல வேற என்னா சொல்றது" என்றார். அக்காவின் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு கோயம்புத்தூர் வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் அப்பாவுக்கு வாந்தி. அக்காதான் எலுமிச்சம்பழம் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பொட்டலத்தைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்தார். மூளையில் டோபமைன் என்று ஒன்று குறைந்ததால்தான் நடுக்கம், மாத்திரை அதைத்தான் ஊட்டுகிறது, இந்த விதையிலும் இருப்பது அந்தச் சரக்கேதான், இரண்டும் சேர்ந்து அளவு மீறிப் போய்விட்டது என்றார். கையை நிறுத்துகிற அதே பொருள்தான் ஆசையையும் கிளப்பும், அளவு மீறினால் கடிவாளம் இருக்காது, பேச்சு, நடத்தை எல்லாம் மாறும் என்றார். அதில் எது அவர், எது மருந்து என்று அக்கா கேட்டார். அப்படியெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். பிறகு, விசாரிக்காமல் விற்கலாமா என்று அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுட்டுத்தாங்க குடுத்தேன்," என்றார் அக்கா. "கேட்ட விதந்தாங்க தப்பு."

திரும்பி வந்ததும் அவர் லயத்துக்கும் வந்தார். வேண்டாம் என்று நான் தடுத்தேன், கேட்கவில்லை. பைப்படியில் நின்று எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, கையைப் பிடித்தது தப்புதான், இல்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் அது என் கடைப் பொடி செய்த வேலை, டாக்டரே சொல்லிவிட்டார் என்றார். பக்கத்து வீட்டுப் பெண் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "பொடியோ என்னாவோ, வலிச்சது என் கைதானே" என்றாள். ஆமாம் சாமி என்று மட்டும் சொன்னார். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். போலீஸ் பேச்சு அதோடு நின்றது, அவள் எங்கள் வீட்டோடு பேசுவதும் நின்றது.

இதனால் அக்காவின் வியாபாரம் படுத்துவிடும் என்று நான் பயந்தேன். நடந்தது நேர்மாறு. எழுபது வயசுக் கிழவரையே எழுப்பிவிட்ட பொடி என்று சேதி கோத்தகிரி வரைக்கும் போய்விட்டது. மப்ளரும் குல்லாவுமாக வந்து வந்து நின்றார்கள். அக்கா பூனைக்காலி வைப்பதையே நிறுத்திவிட்டார். ஒரு குடும்பம் சீரழிந்ததைச் சொன்னால் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்கிறார்களே, இவர்களோடு என்ன பண்ணுவது கண்ணு என்று கேட்டுவிட்டுக் கடையைப் பாதியிலேயே சாத்திக்கொண்டு போன நாட்கள் உண்டு.

பொடியை நிறுத்தி மாத்திரையைச் சரிபண்ணியதும் அப்பாவுக்கு நடுக்கம் திரும்ப வந்தது. மௌனமும் திரும்ப வந்தது. அம்மா மறுபடியும் "இந்தா" ஆனார். கூடலூர்ப் பையை அவர் பிரிக்கவில்லை. இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்றுதான் இருந்தார். அவரை நிறுத்தி வைக்க என்னிடம் சொல் இல்லை.

ஒரு சாயங்காலம், மார்க்கெட்டில் பனி இறங்கிக் கடைகள் மூடிக்கொண்டிருந்தன. அம்மா வந்தார். என்னிடம் வரவில்லை, நேரே அக்காவின் கடைக்குப் போனார். நான் மெஷினை நிறுத்தினேன்.

"ஒண்ணு கேக்கணும்ங்க," என்றார் அம்மா. "அந்தச் சமயத்துல என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. கொழுந்துக் கறை புடிச்ச இந்த வெரலப் புடிச்சுக்கிட்டு, இத்தனை வருசமா இதப் பாக்காமலே இருந்துட்டேனேன்னு அழுதாரு. மத்ததெல்லாம் பொடின்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுவும் பொடிதானுங்களா?"

அந்தப் பக்கம் தராசைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், கேள்வி கேட்டவரே அக்காதான். தெரியாதுங்க என்பார், மார்க்கெட்டுக்கே கேட்கும், அம்மா நேரே கூடலூர் பஸ்ஸில் ஏறிவிடுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் அக்கா பேசினார். நான் பலகையில் காதை வைத்தால்தான் கேட்டது, அவ்வளவு மெதுவான குரல்.

"பொடி ஆசையத்தாங்க கெளப்பும். பேரு அதுக்குத் தெரியாதுங்க. அது அவரு மனசுல இருந்ததுங்க."

"நெசமாவா?"

"நெசந்தாங்க."

அம்மா என் கடைக்கு வந்து, எஸ்டேட் பஸ் போயிடுச்சா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அப்பா நாலைந்து வருஷம் இருந்தார். கடைசியில் படுக்கைதான். அம்மா ஊட்டினார், துடைத்தார், புரட்டிப் போட்டார், ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அக்கா அதற்கு முன்பே குளிர் தாங்காமல் கடையைக் கொடுத்துவிட்டுத் தங்கை ஊரோடு போய்விட்டார். போகும்போது என்னிடம் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பாவின் கருமாதி முடிந்த அன்று பந்தல்காரர்கள் கழி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஒரு தடவகூட பேரச் சொல்லிக் கூப்பிடல புள்ள," என்றார். "கூப்பிடாட்டி என்னா. மனசுல இருந்துச்சுல்ல. அந்த மருந்துக் கடை அம்மாவே சொன்னாங்க. அவங்க பொய் சொல்ற ஆளில்ல."

"இல்லம்மா," என்றேன்.